பீரியட்ஸ் நிக்கப் போற வயசுல குடும்பக் கட்டுப்பாடு இன்னும் வேணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிராம சுகாதார நர்ஸா 20 வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவ. எனக்கும் இப்ப 49 ஆச்சு. கல்யாணமான புதுசுல பொண்ணுங்க எங்ககிட்ட கேக்கற கேள்விக்கு பதில் சொல்ல சுவர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்கும், ஆனா 45க்கு மேல ஒரு பொம்பள வந்து "நர்ஸம்மா, நான் இன்னும் மாத்திரை போடணுமா"ன்னு கேட்டா அதுக்கு ஒரு போஸ்டர் கிடையாது, கேக்கறதுக்கே அவங்களுக்கு கூச்சம். எங்கிட்ட காதுக்குள்ள கேட்டதை எல்லாம் இங்க சத்தமா எழுதறேன்.

எனக்கு 46. நாலு மாசமா வரல. நின்னுடுச்சுன்னு மாத்திரையை விட்றலாமா?

வேணாம். முதல்ல பத்து நிமிஷத்துல ஒரு கார்டு டெஸ்ட், அதான் மூத்திரத்துல கர்ப்பமான்னு பார்க்கற டெஸ்ட், பண்ணிருங்க, அப்புறம் பேசலாம்.

ஒரு அக்கா, இதே 46 வயசு, வயிறு உப்புசமா இருக்கு கேஸ் மாத்திரை குடுங்கன்னு வந்தாங்க. அவங்க பொண்ணு ஏழு மாசம், வளைகாப்புக்கு தேதி குறிச்சு பத்திரிகை மாதிரி கூட அடிச்சிருந்தாங்க. கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்கன்னு கேட்டேன், அது நாலு மாசமா இல்லம்மா, நின்னு போச்சுன்னாங்க. எதுக்கும் பார்ப்போம்னு கார்டுல ரெண்டு சொட்டு விட்டா ரெண்டு கோடும் பளிச்சுனு வந்துருச்சு. பெஞ்சுல உக்காந்து முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க". என்ன முடிவு எடுத்தாங்கங்கறது அவங்க விஷயம், இங்க சொல்ல மாட்டேன். ஆனா அந்த முகம் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது, அதனால தான் இந்த கேள்வியை முதல்ல வெச்சேன்.

விஷயம் என்னன்னா, பீரியட்ஸ் குழாயை மூடுன மாதிரி ஒரே நாள்ல நிக்காது. நாலு மாசம் வராம அஞ்சாவது மாசம் வரும், ஒரு மாசத்துல ரெண்டு தடவை வரும், திரும்ப ரெண்டு மாசம் காணாம போகும், இந்த இழுபறி நாலு வருஷம் கூட போகலாம். அந்த நேரத்துல முட்டை எப்பவாவது வருது, எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. கரு தங்கற வாய்ப்பு இந்த வயசுல ரொம்ப குறைவு, ஒத்துக்கறேன், ஆனா குறைவுன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

அப்ப எப்ப தான் நிறுத்தறது? ஒரு கணக்கு சொல்லுங்க.

மாத்திரை, ஊசின்னு ஹார்மோன் எதுவும் எடுக்காம, தானா நின்ன பீரியட்ஸ்னா இப்படி கணக்கு வெச்சுக்கோங்க: கடைசியா வந்தது 50 வயசுக்கு மேலன்னா அதுல இருந்து முழுசா 1 வருஷம், 50க்கு முன்னாடின்னா 2 வருஷம். அதுவரைக்கும் ஏதாவது ஒரு பாதுகாப்பு வேணும். ஏன் சின்ன வயசுக்கு 2 வருஷம்னா, 47ல ஒரு வருஷம் நின்ன பிறகும் சினைப்பை திரும்ப ஒரு தடவை முழிச்சுக்கற வாய்ப்பு 52ல இருக்கறதை விட அதிகம். 55 ஆயிட்டா, நடுவுல எப்பவாவது எட்டிப் பார்த்தா கூட, தானா கரு தங்கறது கிட்டத்தட்ட நடக்காத விஷயம், பொதுவா அங்க நிறுத்திக்கலாம். இது பிரிட்டன்ல குடும்பக் கட்டுப்பாட்டு டாக்டருங்க வெச்சிருக்கற கணக்கு, நம்ம ஊர் டாக்டருங்களும் பல பேர் இதையே தான் சொல்றாங்க.

நம்ம ஊர்ல நிறைய பேருக்கு 46, 47லயே நின்னுடுது, அதனால அந்த 2 வருஷ கணக்கு தான் நம்மள்ல பல பேருக்கு பொருந்தும், இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல.

இதுக்கு தேதி தெரிஞ்சிருக்கணும். நான் சமையல்கட்டு கதவுல தொங்கற மாசக் காலண்டர்ல பால் கணக்கு எழுதற அதே கட்டத்துல ஓரமா சிவப்பு புள்ளி வெப்பேன். டிசம்பர் முடிஞ்சு காலண்டரை மாத்தறப்ப பழசை தூக்கிப் போட மாட்டேன், கடைசி புள்ளி இருக்கற பக்கத்தை கிழிச்சு ரேஷன் கார்டு வெச்ச கவர்ல போட்டு வெப்பேன். ஃபோன்ல குறிச்சாலும் சரி. டாக்டர் முதல் கேள்வியே அது தான்.

ரத்த டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடாதா?

எஃப்எஸ்எச்னு ஒரு டெஸ்ட் இருக்கு, சினைப்பையை வேலை வாங்கற ஹார்மோன் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்கறது. பீரியட்ஸ் ஒழுங்கில்லாம இருக்கற வருஷங்கள்ல அது இந்த மாசம் ஏறியிருக்கும், அடுத்த மாசம் இறங்கியிருக்கும், அதனால ஒரு ரிசல்ட்டை வெச்சு "நின்னாச்சு, இனிமே ஒண்ணும் வேணாம்"னு முடிவு பண்ணக் கூடாது. 'மாலா என்'ங்கற கருத்தடை மாத்திரை மாதிரி போடறவங்களுக்கு அந்த டெஸ்ட்டே அர்த்தமில்லாதது, மாத்திரை அந்த அளவை அமுக்கி வெச்சிருக்கும். கருப்பைக்குள்ள வைக்கற ஹார்மோன் லூப் போட்டு பீரியட்ஸே வராம இருக்கற 50 தாண்டினவங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தா அப்ப அது பிரயோஜனப்படும், அதுலயும் அளவு கூடுதலா வந்தா இன்னும் 1 வருஷம் வெச்சிருந்துட்டு தான் எடுப்பாங்க. லேப் பேக்கேஜ்ல ஏஎம்எச்னு, முட்டை எவ்வளவு மிச்சம்னு பார்க்கற டெஸ்ட் ஒண்ணு சேர்த்து விக்கறாங்க, அது இந்த முடிவுக்கு உதவாது, காசை வீணாக்காதீங்க.

40 வயசுக்கு முன்னாடியே நின்னா அது வேற கதை. அதுக்கு கட்டாயம் டெஸ்ட், கட்டாயம் டாக்டர்.

நான் மாலா என் போடறேன், 48 வயசு, மாசா மாசம் கரெக்டா வருது. அப்ப எனக்கு இன்னும் நிக்கலைன்னு தானே அர்த்தம்?

இந்த ஏமாத்தம் நிறைய பேருக்கு இருக்கு. அட்டையை திருப்பிப் பாருங்க, 28 மாத்திரை. 21 தான் ஹார்மோன், கடைசி 7 கலர் மாத்திரை வெறும் இரும்புச்சத்து. அந்த இரும்பு மாத்திரை வாரத்துல ஹார்மோன் இல்லாததால கருப்பை உள்சுவர் உதிர்ந்து ரத்தம் வருது. அது மாத்திரையால வர்ற ரத்தம், உங்க சினைப்பை வேலை செய்யறதுக்கு சாட்சி இல்ல. 53 வயசுல மாத்திரை போட்டாலும் மாசா மாசம் வரும். அதனால மாத்திரை போட்டுக்கிட்டே நின்னுச்சா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாது.

50 வந்தா இந்த ரக மாத்திரையை நிறுத்திட்டு வேற முறைக்கு மாறச் சொல்றாங்க. நிறுத்தற அன்னைக்கே ஆணுறை மாதிரி ஏதாவது ஒண்ணு கையில இருக்கணும், நடுவுல "பார்ப்போம் வருதா"ன்னு சும்மா இருந்து பார்க்கறது தான் ஆபத்து.

பத்து வருஷமா போடறேன், ஒண்ணும் ஆகல. 50 வரைக்கும் பயமில்லாம போடலாமா?

மாத்திரை அதே தான், பத்து வருஷத்துல உடம்பு மாறியிருக்கும். இதுல ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் இருக்கு, ரத்தம் உறையற வாய்ப்பை கொஞ்சம் கூட்டும், 30 வயசுல அந்த கொஞ்சம் பெருசா தெரியாது, 45ல பிபி, சுகர், எடைன்னு எல்லாம் சேர்ந்துக்கும். பிபி 140/90க்கு மேல இருந்தா, சுகரால கண்ணு கிட்னி நரம்பு பாதிச்சிருந்தா, ஒற்றைத் தலைவலி இருந்தா, கால்ல ரத்தக்கட்டி, பக்கவாதம், ஹார்ட் அட்டாக், மார்பகப் புற்றுநோய் இதுல எதாவது வந்திருந்தா, பீடி சிகரெட் பழக்கம் இருந்தா இந்த மாத்திரை வேணாம், இன்னைக்கே போய் பேசி மாத்திக்கோங்க. ஒரு பிரச்சினையும் இல்லாதவங்க, டாக்டர் பார்வையில, 50 வரைக்கும் தொடரலாம், கருப்பை, சினைப்பை புற்றுநோய் வாய்ப்பு குறையுங்கற நல்லதும் அதுல உண்டு.

2021ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்கற அரசு திட்டத்துல வீட்டுக்கே வந்து பிபி சுகர் பார்க்கறாங்க. அவங்க பிபி மாத்திரை குடுக்கறப்ப "நான் கருத்தடை மாத்திரையும் போடறேன்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நிறைய பேர் அதை மாத்திரைன்னே கணக்குல சேர்க்கறதில்ல, வேற என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேட்டா ஒண்ணும் இல்லைன்னு தான் சொல்றாங்க.

சாயா மாத்திரை போடறேன். அதுவும் இதே மாதிரி தானா?

இல்ல, அது ஹார்மோன் மாத்திரை கிடையாது. லக்னோல மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது, முன்னாடி சகேலின்னு வந்துச்சு. முதல் 3 மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. ஈஸ்ட்ரோஜன் இல்லாததால அந்த பயம் கம்மி. ஆனா இந்த மாத்திரை சில பேருக்கு பீரியட்ஸை தள்ளிப் போட வைக்கும், நம்ம வயசும் தள்ளிப் போட வைக்கும், ரெண்டுல எதுன்னு புரியாது. நாள் தள்ளி 15 நாளைக்கு மேல போச்சுன்னா கார்டு டெஸ்ட் பண்ணுங்க, ஊகம் பண்ணிட்டு உக்காராதீங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தரா ஊசி போட்டுக்கறேன், பீரியட்ஸே வரல.

ஊசியால வராம இருக்கறது சகஜம், அதை நின்னதா எடுத்துக்க முடியாது. இந்த ஊசி எலும்போட வலுவை குறைக்கும், நிறுத்தினா சின்ன வயசுல திரும்பிடும், ஆனா நமக்கு பீரியட்ஸ் நின்ன பிறகு எலும்பு தானாவே தேய ஆரம்பிக்குது, அதுக்கு மேல இதுவும் வேணாம். 45 தாண்டினா டாக்டர் கிட்ட ஒரு தடவை பேசிடுங்க, 50ல மாத்திக்கோங்க.

38 வயசுல காப்பர் டி போட்டது. அப்படியே விட்றலாமா? எந்த தொந்தரவும் இல்ல.

இந்த கேள்வியை படிக்கறவங்க எழுந்து போய் அந்த கார்டை தேடி எடுங்க. போட்ட அன்னைக்கு ஒரு சின்ன அட்டை குடுத்திருப்பாங்க, எந்த வகை, எந்த தேதின்னு இருக்கும். 380ஏன்னா 10 வருஷம், 375ன்னா 5 வருஷம். உங்களுக்கு 380ஏன்னா 48ல காலம் முடியுது. 40 வயசுக்கு அப்புறம் போட்டதுன்னா பீரியட்ஸ் முழுசா நிக்கற வரைக்கும் அதையே வெச்சுக்கலாம்னு பிரிட்டன் டாக்டருங்க சொல்றாங்க, உங்க டாக்டர் கிட்ட தேதியை காட்டி கேட்டுக்கோங்க.

நான் ரொம்ப அழுத்தமா சொல்ல நினைக்கறது, எல்லாம் முடிஞ்ச பிறகு அதை எடுத்துடணும். தொந்தரவு இல்லைன்னு உள்ளயே மறந்து போனவங்க நிறைய. ஒரு பாட்டி, 63 வயசு, வெள்ளைப்படுது நாத்தம் வருதுன்னு வந்தாங்க, ஸ்கேன்ல பார்த்தா உள்ள காப்பர் டி, அவங்களுக்கு போட்டதே ஞாபகம் இல்ல. வயசாக ஆக கருப்பை வாய் சுருங்கிடும், 50ல ஒரு நிமிஷத்துல நூலை பிடிச்சு எடுக்கறதை 63ல மயக்க மருந்து குடுத்து எடுக்க வேண்டி வந்துச்சு. நின்னு 1 வருஷம் இல்ல 2 வருஷம் ஆச்சுன்னு கணக்கு முடிஞ்சதும் போய் எடுத்துட்டு வாங்க.

ரத்தப்போக்கு தாங்க முடியல. காப்பர் டி வேற இருக்கு. கருப்பையை எடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க.

இந்த வயசுல போக்கு அதிகமாகும், காப்பர் டி அதை இன்னும் கூட்டலாம். ஆனா நேரா ஆபரேஷனுக்கு தாவ வேணாம். முதல்ல ஹீமோகுளோபின், ஸ்கேன், 45க்கு மேலன்னா கருப்பை உள்சுவர்ல இருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்ட். கட்டி கிட்டி ஒண்ணும் இல்லைன்னா ஹார்மோன் லூப்னு ஒண்ணு இருக்கு, மிரினான்னு சொல்வாங்க. போக்கை நல்லா குறைக்கும், கருத்தடையும் அதுவே, 45க்கு மேல போட்டா 55 வரைக்கும் கருத்தடைக்கு அதையே வெச்சுக்கலாம். விலை சில ஆயிரம், ஆனா கருப்பை எடுக்கற ஆபரேஷன் செலவையும் ஆறு வாரம் வேலைக்கு போக முடியாததையும் வெச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. முதல் சில மாசம் சொட்டு சொட்டா படும், அதுக்கு பயந்து எடுத்துடாதீங்க.

நம்ம பக்கத்துல 42, 43ல "இனிமே அது எதுக்கு, எடுத்துடு"ன்னு கருப்பையை எடுத்துட்டு வந்து, அப்புறம் இடுப்பு வலி எலும்பு வலின்னு படுத்தவங்களை நிறைய பார்த்துட்டேன். வேற வழியே இல்லைன்னா எடுத்து தான் ஆகணும். ஆனா வேற வழி என்னென்ன இருக்குன்னு கேட்ட பிறகு எடுக்கணும்.

எனக்கு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு. இந்த கணக்கு எல்லாம் எனக்கு எதுக்கு?

தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்க பாதிக்கு மேல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க தான். உங்களுக்கு வேற எதுவும் வேணாம், நிம்மதியா இருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆயிரம் பேர்ல சில பேருக்கு ஆபரேஷன் தோத்துப் போகும், அப்படி தங்கற கரு குழாய்லயே தங்கிடற வாய்ப்பு கூடுதல். நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமா அடிவயிறு வலி, லேசா ரத்தம், தலை சுத்தல், தோள்பட்டையில வலின்னு வந்தா "எனக்கு தான் ஆபரேஷன் ஆச்சே"ன்னு படுத்துக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்கு போகணும்.

நாங்க நாள் பார்த்து தான் இருக்கோம். இத்தனை வருஷம் சரியா தான் போச்சு.

நாள் கணக்குங்கறது 28, 30 நாளுக்கு ஒரு தடவை ஒழுங்கா வந்தா தான். இப்ப ஒரு தடவை 22 நாள், ஒரு தடவை 50 நாள். எதுல இருந்து எதை எண்ணுவீங்க? 40 வயசு வரைக்கும் கை குடுத்த முறை சரியா இந்த வயசுல தான் கைவிடும். ஆணுறைக்கு மாறுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம கிடைக்கும்.

ஆணுறை போட்டா எரியுது, வறண்டு போய் வலிக்குது. தேங்காய் எண்ணெய் தடவிக்கலாமா?

வறட்சி இந்த வயசோட சேர்ந்து வர்றது, உங்க மேல தப்பு இல்ல, வீட்டுக்காரர் மேல ஆசை இல்லைன்னும் அர்த்தம் இல்ல. ஆனா தேங்காய் எண்ணெய், வாஸ்லின், நெய் எதையும் ஆணுறையோட சேர்க்காதீங்க, எண்ணெய் பட்டா அந்த ரப்பர் இளகி கிழிஞ்சுடும். மெடிக்கல்ல தண்ணில கலந்த ஜெல்னு கேட்டு வாங்குங்க. அப்பவும் எரிஞ்சா டாக்டர் உள்ள தடவற க்ரீம் எழுதுவாங்க.

வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார், வருஷத்துக்கு ஒரு மாசம் தான். அதுக்காக வருஷம் பூரா மாத்திரையா?

வேணாம். அந்த மாசத்துக்கு ஆணுறை போதும், வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிருங்க. கிழிஞ்சாலோ மறந்தாலோ 72 மணி நேரத்துக்குள்ள போடற அவசர மாத்திரை இருக்கு, எவ்வளவு சீக்கிரம் போடறோமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டுல நிறைய மெடிக்கல்ல கேட்டா இல்லைன்னு கையை விரிப்பாங்க, அதனால அவசரத்துக்கு அலையாம எங்க கிடைக்கும்னு முன்னாடியே டாக்டர் கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. 5 நாளைக்குள்ள காப்பர் டி போட்டாலும் தடுக்கும்.

உடம்பு திகுதிகுன்னு எரியுது, ராத்திரி வேர்த்து கொட்டுது, டாக்டர் ஹார்மோன் மாத்திரை குடுத்திருக்கார். இதுவே கருத்தடை தானே?

இல்ல. ரெண்டும் ஹார்மோன் தான், ஆனா இது அளவு கம்மி, முட்டை வர்றதை தடுக்காது. கணக்கு முடியற வரைக்கும் தனியா பாதுகாப்பு வேணும்.

கேக்க போனா "இந்த வயசுல இது ஒரு கேடா"ன்னு பார்க்கறாங்க. எப்படி பேசறது?

என்கிட்டயே ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரில சீட்டு எழுதற இடத்துல, பக்கத்துல பத்து பேர் நிக்க, "இன்னுமா?"ன்னு கேட்டாங்க. நானே நர்ஸ், எனக்கே வார்த்தை வரல, வீட்டுக்கு வந்து அழுதேன். அதனால கூச்சத்தை விடுங்கன்னு சும்மா சொல்ல மாட்டேன். பேச சுலபமான வழி ஒண்ணு, "பீரியட்ஸ் சரியா வரல, காட்டணும்"னு சீட்டு வாங்குங்க. உள்ள போய் கதவு சாத்தின பிறகு "எனக்கு கரு தங்கிடக் கூடாது, என்ன முறை பொருந்தும்"னு கேளுங்க, இந்த ஒரு வரி போதும். காலண்டர் பக்கம், காப்பர் டி கார்டு, இப்ப சாப்பிடற எல்லா மாத்திரையோட அட்டையும் கையில கொண்டு போங்க. 50 வயசுல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து இருக்கறது கேவலம் இல்ல.

இவ்வளவும் மீறி தங்கிடுச்சுன்னா?

பயப்படாதீங்க, மறைக்காதீங்க, மெடிக்கல்ல கருக்கலைப்பு மாத்திரை கிட் வாங்கி நீங்களா போடாதீங்க. நாள் ஒழுங்கில்லாததால எத்தனை வாரம்னு உங்களுக்கே தெரியாது, ரெண்டு மாசம்னு நினைப்பீங்க, ஸ்கேன்ல நாலு மாசம் இருக்கும், வீட்டுல வெச்சு ரத்தம் நிக்காம போனவங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்கேன். 1971 கருக்கலைப்பு சட்டத்தை 2021ல திருத்தியிருக்காங்க, கருத்தடை தோத்துப் போனதுங்கற காரணத்துக்கு 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒப்புதலோட சட்டப்படி கலைக்கலாம், உங்க கையெழுத்து மட்டும் போதும், புருஷன் கையெழுத்து வேணும்னு சட்டத்துல இல்ல, உங்க பேரை வெளிய சொல்லவும் கூடாது. பெத்துக்கணும்னு முடிவு பண்ணா அதுவும் உங்க உரிமை. ஆனா 45ல கரு கலையற வாய்ப்பும், பிபி, சுகரும், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்ங்கற பிறவிக் குறைபாடு வர்ற வாய்ப்பும் கூடுதல், அந்த டவுன் சிண்ட்ரோம் மட்டும் 30 பேர்ல ஒருத்தருக்குன்னு கணக்கு, அதனால முதல் மாசத்துல இருந்தே பெரிய ஆஸ்பத்திரில பதிஞ்சுக்கோங்க.

ஒன்றரை வருஷமா நின்னு போச்சு, எல்லாத்தையும் விட்டாச்சு. நேத்து லேசா ரத்தம் பட்டுது. திரும்ப ஆரம்பிக்குதோ?

1 வருஷம் முழுசா நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அதை பீரியட்ஸ்னு நினைக்கக் கூடாது. பெரும்பாலும் வறட்சியால வர்ற சின்ன காரணமா தான் இருக்கும், ஆனா கருப்பை புற்றுநோய் முதல்ல காட்டற அடையாளமும் இதே தான், ஆரம்பத்துல பிடிச்சா நல்லா குணமாகும். திரும்ப வருதான்னு பார்க்கலாம்னு காத்திருக்காதீங்க. இந்த வாரமே போய் ஸ்கேன் எடுங்க.